வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டர்: எதில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ‘எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள்?’ என்றுதான். பட்ஜெட் எவ்வளவு, இன்டெல்லா ஏஎம்டியா என்பதெல்லாம் அப்புறம். கேம் விளையாட மெஷின் கட்டுபவரிடம் இப்படிக் கேட்க வேண்டியதில்லை. எடிட்டிங்கில் அப்படி இல்லை. மெஷினுக்குள் எந்த மாதிரி ஃபைல் நுழைகிறதோ, அதற்கேற்ப வாங்க வேண்டிய பாகங்களே மாறிவிடும். ஒருவருக்குத் தண்ணீராய் ஓடும் மெஷின், அதே விலையில், அதே மென்பொருளில், இன்னொருவருக்குத் திக்கித் திணறும். பெஞ்ச்மார்க் பட்டியலை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் அடிபடுவது இங்கேதான்.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் கேமராவிலிருந்தோ போனிலிருந்தோ ஒரு ஃபைலை எடுத்து, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். அது நிறைய விவரம் காட்டும். நமக்கு மூன்று வரி போதும். கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, எச்.264-ஆ, எச்.265-ஆ, வேறு ஏதாவதா? பிட் ஆழம், அதாவது நிறத்தின் நுணுக்கம், 8-ஆ, 10-ஆ? குரோமா, அதாவது சேமிக்கும் நிறத் தகவலின் அளவு, 4:2:0-ஆ, 4:2:2-ஆ? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் தேர்ந்தெடுக்கப் போவது அந்தத் தாள்தான்.

காரணம் எளிமையானது. 2003-இல் வந்த எச்.264-உம் 2013-இல் வந்த எச்.265-உம் வீடியோவைச் சின்ன ஃபைலாகச் சுருக்கி அனுப்பவும் பார்க்கவும் உருவாக்கப்பட்டவை. வெட்டி ஒட்டுவதற்காக அல்ல. எல்லா ஃப்ரேமையும் முழுப் படமாக அவை சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு ஃப்ரேம்தான் முழுசாக இருக்கும். நடுவில் வருபவை ‘முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது’ என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கும். தொடர்ந்து ஓட்டிப் பார்க்கும்போது இது சிக்கலே இல்லை. ஆனால் காட்சிகளை வரிசையாக அடுக்கி வெட்டும் டைம்லைனில் நாம் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு தாவலுக்கும் அந்த ஃப்ரேம் கூட்டத்தின் முதல் முழுப் படத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டு வந்துதான் நாம் கேட்ட ஃப்ரேமைக் காட்ட முடியும். இந்த வேலைக்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு டிகோடர் இருக்கிறது. உங்கள் ஃபைல் வகையை அது ஏற்றுக்கொண்டால் டைம்லைன் சொன்னபடி கேட்கும். ஏற்காவிட்டால் முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும்.

8 பிட் 4:2:0 என்றால் கவலை வேண்டாம். கடந்த பல ஆண்டுகளில் வந்த எந்தச் சிப்பும் அதைக் கையாளும். ஐபோன் 12-இலிருந்து வரும் எச்டிஆர் வீடியோ மாதிரியான 10 பிட் 4:2:0 எச்.265-உம் அப்படித்தான். பொறி இருப்பது 10 பிட் 4:2:2-இல். 4:2:0-ஐவிட இரண்டு மடங்கு நிறத் தகவல் இதில் இருக்கிறது. கலர் கிரேடிங், அதாவது காட்சியின் நிறத்தை மெருகேற்றும் வேலை, செய்பவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது இதைத்தான். சோனி ஏ7எஸ் 3, கேனன் ஆர்5 போன்ற 2020-இலும் அதற்குப் பின்னும் வந்த கேமராக்களில் பல இந்த வடிவத்தில் பதிவு செய்யும். ஆனால் என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகளின் டிகோடருக்கு 4:2:2 தெரியாது. எவ்வளவு விலை உயர்ந்த 40 வரிசைக் கார்டாக இருந்தாலும் இதே கதைதான். ஏஎம்டியின் ரைசன் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கும் தெரியாது. அதே நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 7000 வரிசைக் கார்டுகளுக்கும் தெரியாது.

யாருக்குத் தெரியும்? இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளே வரும் கிராபிக்ஸுக்கு, அதாவது குவிக் சிங்குக்கு, எச்.265 4:2:2 தெரியும். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு எச்.264, எச்.265 இரண்டிலுமே 4:2:2 தெரியும். இந்த ஒரு விஷயத்தால்தான், பழைய 40 வரிசைக் கார்டும் ரைசனும் சேர்ந்த மெஷின் பெஞ்ச்மார்க்கில் முன்னால் நின்றாலும், எச்.265 4:2:2 எடுப்பவரின் மேஜையில் இன்டெல்லின் நடுத்தரச் சிப்பிடம் தோற்றுப்போகிறது.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு பக்கத்தில் ‘வீடியோ டிகோட்’ என்ற கிராஃபைப் பாருங்கள். டைம்லைனை ஓட்டும்போது அந்தக் கோடு மேலே எழும்பினால் டிகோடர் வேலை செய்கிறது. அது தரையில் படுத்துக் கிடக்க, பிராசஸர் மட்டும் 80, 90 விழுக்காட்டைத் தொட்டால், உங்கள் ஃபைல் அந்தச் சிப்புக்குப் பழக்கமில்லை. இப்போது இருக்கும் மெஷினிலேயே இதைச் செய்து பாருங்கள். புது மெஷின் வேண்டுமா, ஒரு கார்டு மட்டும் மாற்றினால் போதுமா என்பது அப்போதே பாதி தெரிந்துவிடும்.

சரி, பிராசஸருக்கு வருவோம். இன்று நடுத்தரத்துக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரிகிற இரண்டு பெயர்கள் இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே, ஏஎம்டி ரைசன் 9 9900எக்ஸ். முதலாவதில் 8 பெரிய கோர், 12 சின்ன கோர், ஆக 20. இரண்டாவதில் ஒரே மாதிரியான 12 கோர், 24 த்ரெட். எடிட்டிங்கில் இரண்டும் கிட்டத்தட்ட சமமான பலசாலிகள். ரெண்டர் (முடித்த வீடியோவை ஃபைலாக்குவது) நேரத்தில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. இன்டெல்லில் குவிக் சிங்க் கூடவே வருகிறது. ஏஎம்டியின் பிராசஸர் அமரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-உம் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆகவே சில ஆண்டுகள் கழித்து மதர்போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

என் முடிவு இதுதான். எச்.265 4:2:2 எடுக்கிறீர்கள், ஆனால் 50 வரிசைக் கார்டு வாங்க முடியாது என்றால், யோசிக்காமல் இன்டெல். 50 வரிசைக் கார்டு நிச்சயம் வரப்போகிறது என்றால் ஏஎம்டி எடுங்கள், பின்னாளில் கை கொடுக்கும். 8 பிட் போன் வீடியோதான் முழு வேலையும் என்றால் இந்த விலைக்கே போக வேண்டாம். கோர் அல்ட்ரா 5 245கே அல்லது 8 கோர் ரைசன் 7 9700எக்ஸ் தாராளம். மிச்சம் பிடித்த காசு சேமிப்புக்குப் போகட்டும்.

இன்டெல் வாங்கும்போது ஒரே ஒரு எழுத்தைப் பாருங்கள். பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. குவிக் சிங்கும் கிடையாது. 265கே, 265கேஎஃப் இரண்டுக்கும் இடையில் விலை கொஞ்சம்தான் வித்தியாசப்படும். கேம் ஆடுபவருக்கு எஃப் நல்ல பேரம். எடிட்டருக்கு அது, எதற்காக இன்டெல் வாங்கினோமோ அதையே விட்டுவிட்டு வாங்குவது. பழைய சிப் வாங்குபவர்களுக்கு இன்னொன்று: 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் மின்னழுத்தச் சிக்கலால் நிலைகுலைவு வருவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே சேதமான சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. யாரோ பயன்படுத்திய 13900கே மலிவாகக் கிடைக்கிறது என்றால் நான் தொடமாட்டேன்.

கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதை மென்பொருள்தான் சொல்ல வேண்டும். டாவின்சி ரிசால்வ் கலர், எஃபெக்ட், படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று பெரும்பாலான வேலையைக் கார்டிடம் கொடுத்துவிடும். அதில் வேலை செய்பவர் பிராசஸரில் ஒரு படி இறங்கிக் கார்டில் ஒரு படி ஏறுவது புத்திசாலித்தனம். பிரீமியர் புரோ பிராசஸரையும் கார்டையும் பகிர்ந்து பயன்படுத்தும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் ரேமும் ஒற்றைக் கோரின் வேகமும்தான் முக்கியம். பெரிய கார்டு அங்கே பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கார்டில் எல்லோரும் வேகத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அதன் மெமரியை. ஒரு 4கே ஃப்ரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல். நிறத்தை நுணுக்கமாகக் கணக்கிட, ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு மதிப்பு, ஒவ்வொரு மதிப்புக்கும் 32 பிட் என்று வைத்தால், ஒரே ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 133 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் முன்னும் பின்னும் உள்ள சில ஃப்ரேம்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டும். அதன்மேல் இரண்டு மூன்று நோடு (கலர் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரிசால்வில் உள்ள கட்டம்), ஒரு மாஸ்க், ஒரு டைட்டில். 8 ஜிபி எங்கே போனது என்றே தெரியாது. ரிசால்வில் ‘ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது’ என்ற செய்தி எக்ஸ்போர்ட்டின் பாதியில் வந்து நிற்பது, எடிட் செய்பவருக்கு வரக்கூடிய மோசமான கணங்களில் ஒன்று. வேகம் குறைந்த கார்டில் ரெண்டர் தாமதமாகும், அவ்வளவுதான். மெமரி குறைந்த கார்டில் ரெண்டரே நின்றுவிடும்.

இதை மனதில் வைத்து ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபியையும், ஆர்டிஎக்ஸ் 5070-ஐயும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம். 5070-இல் கணக்கிடும் கோர்கள் 6144, மற்றதில் 4608. மெமரிக்குத் தகவல் போய்வரும் வேகம் நொடிக்கு 672 ஜிபி ஒரு பக்கம், 448 ஜிபி இன்னொரு பக்கம். வேகத்தில் 5070 தெளிவாக முந்துகிறது. ஆனால் அதன் மெமரி 12 ஜிபிதான். 4கே டைம்லைனில் கலர் கிரேடிங், கொஞ்சம் எஃபெக்ட் என்று வேலை செய்பவருக்கு 12 ஜிபி போதும். அவர் 5070 எடுத்தால் தினமும் நேரம் மிச்சம். 6கே, 8கே ஃபைல், கனமான நாய்ஸ் ரிடக்‌ஷன், ரிசால்வின் ஃப்யூஷனில் காட்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கும் கம்போசிட் என்று போகிறவருக்கு மெதுவான 16 ஜிபி கார்டே நிம்மதி. 5060 டிஐ-இல் 8 ஜிபி வகையும் அதே பெயரில் விற்கிறது. பெட்டியில் எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரிசால்வின் இலவசப் பதிப்பை நம்பிக் கார்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 3840×2160-க்கு மேல் எக்ஸ்போர்ட் கிடையாது, டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது. லினக்ஸ் என்றால் எச்.264, எச்.265 ஃபைல்களையே இலவசப் பதிப்பு திறக்காது. கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவின் விலையையும் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். சில வேளை, கார்டில் ஒரு படி குறைத்து அந்தக் காசில் ஸ்டுடியோ பதிப்பை வாங்குவது அதிகப் பலன் தரும்.

ரேமுக்கு நிறையப் பேச்சு வேண்டாம். 32 ஜிபி அடிப்படை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸையும் கூடவே திறந்து வைப்பவர் 64-க்குப் போகலாம். முக்கியமானது அதை எத்தனை குச்சியாக வாங்குவது என்பது. இப்போது 16 ஜிபி இரண்டு, அப்புறம் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இன்றைய டிடிஆர்5 ரேமில் சரிவராது. ரைசன் 9000 வரிசையில் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 5600. நான்கு குச்சி போட்டால் அது 3600 ஆகிவிடும். அதற்கு மேல் ஓடினால் அது உங்கள் அதிர்ஷ்டம். 64 வேண்டியிருக்கும் என்று தோன்றினால் இப்போதே 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள். மாட்டியதும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்ய மறக்காதீர்கள்; செய்யாவிட்டால் காசு கொடுத்த வேகம் கிடைக்காது.

சேமிப்பில் விளம்பரம் சொல்வதற்கும் நமக்குத் தேவைப்படுவதற்கும் இடைவெளி அதிகம். ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை இணைப்பு) எஸ்எஸ்டி நொடிக்கு 14,000 மெகாபைட் படிக்கும் என்பார்கள். கணக்குப் போடுவோம். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவான 4கே ஃபைலை ஓட்ட வேண்டியது நொடிக்கு 12.5 மெகாபைட்தான்; ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எடிட்டிங்குக்கான கனமான கோடெக்கான புரோரெஸ் 422 எச்க்யூவை எடுத்தாலும், நொடிக்கு 24 ஃப்ரேமில் 4கே சுமார் 707 மெகாபிட், அதாவது 88 மெகாபைட். நான்கு கேமராக் கோணங்களை ஒன்றாக ஓட்டினால் 350 மெகாபைட். பழைய வகை சாட்டா எஸ்எஸ்டியே 550 வரை தரும். ஜென் 3 என்விஎம்இ 3500 தரும். ஆக, ஜென் 5-க்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எடிட்டருக்கு ஆதாயம் இல்லை. அந்தக் காசில் கூடுதல் கொள்ளளவு வாங்குங்கள். அதே புரோரெஸில் ஒரு மணி நேரம் 318 ஜிபி தின்னும். அங்கேதான் கை கடிக்கும்.

வேகத்தைவிட எஸ்எஸ்டியின் வகை முக்கியம். க்யூஎல்சி வகை எஸ்எஸ்டியில் முன்னால் ஒரு சின்னப் பகுதி வேகமாக எழுதும். அது நிரம்பியதும் எழுதும் வேகம் சட்டென்று விழும். சிலவற்றில் ஹார்டு டிஸ்க்கைவிடக் கீழே போகும். ஒரே மூச்சில் 200 ஜிபி காட்சிகளை இறக்கும்போதுதான் இது தெரியவரும். வேலை நடக்கும் டிரைவுக்கு டிஎல்சி வாங்குங்கள். விண்டோஸும் மென்பொருளும் ஒரு டிரைவில், காட்சிகளும் கேஷும் (மென்பொருளின் தற்காலிக ஃபைல்கள்) இன்னொன்றில் இருந்தால் நல்லது. முடிந்த வேலைகளைப் போட்டு வைக்க ஹார்டு டிஸ்க் போதும். அதிலும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து சிஎம்ஆர் என்று போட்டதாகப் பாருங்கள். இதோடு சேர்ந்த வேண்டுகோள் ஒன்று: காப்புப் பிரதிக்கான டிஸ்க்கை மெஷினின் ஒரு பாகமாகவே எண்ணுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. ரெய்டு (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்து எழுதும் ஏற்பாடு) போட்டிருக்கிறேன் என்பது காப்புப் பிரதி ஆகாது. தவறுதலாக அழித்த ஃபைலை ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். திரும்பக் கிடைக்காத காட்சிக்கு முன்னால் எந்தக் கார்டின் வேகமும் ஒரு பொருட்டில்லை.

கூலரும் கேபினட்டும் அழகுக்கு அல்ல. கேமில் சுமை ஏறி இறங்கும். ரெண்டரில் அரை மணி, ஒரு மணி என்று விடாமல் அடிக்கும். 265கே முழுச் சுமையில் 250 வாட் வரை இழுக்கும். சின்னக் கூலர் முதல் சில நிமிடம் தாங்கிவிட்டு, அப்புறம் சிப்பைத் தன் வேகத்தைக் குறைக்க வைக்கும். பெரிய இரட்டைக் கோபுர ஏர் கூலரே போதும். தண்ணீர்க் கூலர் விருப்பம். முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் வேண்டாம், வலை உள்ளது வேண்டும். அதே அறையில் குரல் பதிவு செய்பவர் பெரிய, மெதுவாகச் சுழலும் விசிறிகளுக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். பவர் சப்ளையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன பாகங்களுக்கு நல்ல தரத்தில் 750 வாட் வசதியாக இருக்கும். பெயர் தெரியாத 1000 வாட்டைவிட நம்பகமான 750 மேல்.

மானிட்டரை எல்லோரும் கடைசியில் மிச்சக் காசில் வாங்குகிறார்கள். நிறம் தவறாகக் காட்டும் திரையில் கிரேடிங் செய்தால், அடுத்தவர் திரையில் முகங்கள் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். 144 ஹெர்ட்ஸ் தேவையில்லை. எஸ்ஆர்ஜிபி நிற வரம்பை முழுதாகக் காட்டும், ஃபேக்டரியிலேயே நிறம் சரிசெய்யப்பட்ட ஐபிஎஸ் பேனல் ஒன்று போதும்.

அசெம்பிள் செய்யாமலே இருப்பதும் ஒரு தேர்வு. 2024-இல் வந்த எம்4 மேக் மினியில் 10 பிட் 4:2:2 எச்.265-க்கும் புரோரெஸுக்கும் டிகோடர் உள்ளேயே இருக்கிறது; மின்சாரம் குறைவு, சத்தமும் குறைவு. வெட்டி ஒட்டுவது, கொஞ்சம் கலர், எக்ஸ்போர்ட் என்ற அளவில் வேலை நின்றால் அதை எதிர்த்து நான் வாதாட மாட்டேன். ஆனால் ரேமை அப்புறம் கூட்ட முடியாது. கனமான எஃபெக்ட்டில் தனிக் கார்டின் பலமும் அதற்கு வராது. மெஷினை ஏழெட்டு ஆண்டு பகுதி பகுதியாக மாற்றி ஓட்ட நினைப்பவருக்கு அசெம்பிள்தான் வழி.

இன்னொரு தேர்வுக்குக் காசே வேண்டாம்: ப்ராக்ஸி. பெரிய ஃபைலுக்குப் பதில் லேசான நகலை வைத்து வெட்டி, எக்ஸ்போர்ட் நேரத்தில் அசலுக்கு மாறிக்கொள்வது. ரிசால்வ், பிரீமியர் இரண்டிலும் இருக்கிறது. படுக்கப் போகும் முன் ப்ராக்ஸி போட விட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும். மாதம் ஒரு வீடியோ செய்பவருக்கு இருக்கும் மெஷினே இப்படி இன்னும் இரண்டு ஆண்டு ஓடும். இன்று எடுத்ததை இன்றே கொடுக்க வேண்டியவருக்கு இது உதவாது. அவருக்குத்தான் டிகோடர் மீது செலவு செய்வது அவசியம்.

பட்ஜெட் இடித்தால் எதைத் தள்ளிப் போடுவது என்று கேட்பீர்கள். இரண்டாவது எஸ்எஸ்டியை மூன்று மாதம் கழித்து வாங்கலாம். குவிக் சிங்க் உள்ள இன்டெல் எடுத்திருந்தால், தனிக் கிராபிக்ஸ் கார்டையே சில மாதம் தள்ளலாம். வெட்டி ஒட்டும் வேலை அதுவரை நிற்காது, கலரும் எஃபெக்டும்தான் மெதுவாகும். மதர்போர்டும் பவர் சப்ளையும் அப்படி அல்ல. அவற்றை மாற்றுவதென்றால் முழு மெஷினையும் கழற்ற வேண்டும். ஆகவே அவற்றில் முதலிலேயே சரியானதை எடுங்கள்: எஸ்எஸ்டி பொருத்த மூன்று எம்.2 இடமாவது உள்ள போர்டு, நாளை வரப்போகும் கார்டையும் தாங்கும் சப்ளை. இருக்கும் காசு முதலில் அங்கே போகட்டும்.